ஏரிக்கு முதுகு காட்டிய ஏலக்கொட்டகை

எனக்குக் கட்டடங்களைவிட வரைபடங்கள் பிடிக்கும். வரைபடங்களைவிட அவற்றின்மேல் போடும் திருத்தங்கள் பிடிக்கும். வெளியில் சொன்னால் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதால் கல்யாணம் ஆகும்வரை வாயைத் திறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் பொன்னேரியில் ஒரு கட்டட அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். (அதை ஊர் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டதும் நான்தான்.) அங்கே இன்ஜினியர் சார் மூல வரைபடத்தில் பென்சிலை வைக்கவே மாட்டார். அதன்மேல் அடியில் இருப்பது தெரியும் மெல்லிய ட்ரேசிங் தாளை விரித்துத் திருத்தங்களை அதில் போடுவார். தாளை எடுத்தால் பழைய கட்டடம், வைத்தால் புதிய கட்டடம்! சரியானதற்கு மஞ்சள் பென்சில், மாற்ற வேண்டியதற்குச் சிவப்பு. மாறிய இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வளைவுகளால் ஒரு மேகம். நூறு கோடுகளுக்கு நடுவிலும் கண் நேராக அந்த மேகத்துக்குத்தான் போகும். ஒரு வார்த்தை எழுத வேண்டாம். கண்டுபிடித்தவன் யாரோ, அவன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடத் தோன்றும்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்துக்கே மீன் ஏலக்கொட்டகை கட்டும் வேலை வந்தது. சார் என்னிடம் வரைபடத்தையும் ட்ரேசிங் தாளையும் கொடுத்தார்.

"தரையில சுண்ணாம்புக் கோடு போட்டு ஊர்க்காரங்ககிட்ட காட்டு. பதினோரு மணிக்கு வரேன். அவங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா கொட்டகை ஆரம்பாக்கத்துக்குப் போயிடும்."

காலையில் கொத்தனாரோடு போய் இறங்கினேன். வரைபடத்தை விரித்தேனோ இல்லையோ, ஏரிக்காற்று ட்ரேசிங் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வலை காயப்போட்ட இடம்வரை துரத்திப் பிடித்து வந்து மறுபடி பொருத்தினேன். தாளின் ஆறு தூண்களும் வரைபடத்தின் ஆறு தூண்கள்மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆகா, என்ன பொருத்தம்! அந்த மயக்கத்திலேயே கோடு போட்டு முடித்தோம்.

முதலில் வந்து பார்த்தவர் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா. வலையைத் தோளில் போட்டபடி கோட்டைச் சுற்றி நடந்தார்.

"இன்னாடா இது, வாசலு தெரு பக்கம் கீது? மீனு பஸ்ஸுலயா வருது?"

"நைனா, இது திருத்தம் போட்ட வரைபடம். அதுல தப்பே இருக்காது."

"ஏரிப் பக்கம் செவுருடா."

"உனக்குப் புரியாது, நைனா."

அடுத்து மீன் விற்கும் தனம் அக்கா வந்தார். கழுவுதண்ணி போகும் வாய்க்கால் கோடு கொட்டகையில் புறப்பட்டுத் தெருவைத் தாண்டி நேராக அவர் வீட்டு வாசற்படியில் முடிந்திருந்தது.

"ஏம்பா படிச்சவனே, மீன் கழுவுன தண்ணி எங்கூட்டுக்கு வந்து இன்னா பண்ணும்? கொழம்பு வெக்குமா?"

கூட்டம் சிரித்தது. நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன். "அக்கா, இஷ்டத்துக்கு மாத்த முடியாது. அதுக்கு ஒரு முறை இருக்கு. எதை மாத்தணுமோ அதைச் சுத்தி மேகம் போடணும்." தாளில் சாரின் மேகத்தைக் காட்டினேன்.

"அவ்ளோதானா?" என்று என் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை வாங்கிய அக்கா, வாய்க்காலைச் சுற்றி வளைவு வளைவாக ஒரு பெரிய மேகம் போட்டார். (கோலம் போட்ட கை. சாரின் மேகத்தைவிட நன்றாக இருந்தது.) அப்புறம் வாசலின் அகலத்தைச் சுற்றி ஒன்று. கடைசியில் நான் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒன்று.

"இதையும் மாத்தணும்."

கையெழுத்துக் கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. நான் படித்த படிப்பே என் ஊர்க் கொட்டகையை ஆரம்பாக்கத்துக்கு அனுப்பப் போகிறது. மேகத்தைவிட்டு வெளியே வரக்கூடத் தோன்றவில்லை.

அந்த நிலையில்தான் சார் வந்து சேர்ந்தார். தரையைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். என் கையிலிருந்த தாள்களை வாங்கி, ட்ரேசிங் தாளை மட்டும் தூக்கிப் புரட்டி வைத்தார். வாசல் ஏரிப் பக்கம் போனது. வாய்க்காலும் கூடவே போனது. தூண்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

"யார் இதைக் குப்புறப் போட்டது?"

"காத்து சார்."

"காத்து தற்காலிகமா, நிரந்தரமா?"

சார் தனம் அக்கா பக்கம் திரும்பினார். "வாசலுக்கு எதுக்கும்மா மேகம்?"

"கூடைய தலைல வெச்சினு ரெண்டு பொம்பள எதிர்க்க வந்தா முட்டிக்கும் சார். இன்னும் ரெண்டு சாண் வேணும்."

சார் சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்த மேகத்தைத் தாளில் அப்படியே போட்டுக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல இவ்ளோ தெளிவா யாரும் திருத்தம் போட்டதில்லம்மா" என்றார். பிறகு மூன்றாவது மேகத்துக்குள் நின்ற என்னைப் பார்த்தார்.

"இது?"

"அதையும் மாத்தணும் சார்" என்றார் அக்கா.

"இதை நான் ஆபீஸ்ல பாத்துக்கறேன்."

ஊர் கையெழுத்துப் போட்டது. நைனாவுக்குக் கைநாட்டு. மை தொட்ட பெருவிரலை அந்தரத்தில் நிறுத்தி, மறுகையால் ஒப்புதல் தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்த பிறகுதான் விரலை வைத்தார்.

கொட்டகை எங்கள் ஊரிலேயே எழுந்தது, ஏரியைப் பார்த்து, ரெண்டு சாண் கூடுதல் வாசலோடு. எனக்குத்தான் நிரந்தரம் ஆக இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அந்த உத்தரவைக் கொண்டுபோய் நைனாவிடம் நீட்டினேன், புரட்டிப் பார்த்தார். பெண்ணின் போட்டோவை நீட்டினேன். அதையும் புரட்டி, "பின்னாடி ஒண்ணுமில்ல, கட்டிக்கோ" என்றார். இப்போது என் மனைவியும் அவர் கட்சி. நான் எழுதி வைக்கும் மளிகைச் சீட்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் கடைக்குப் போவதில்லை.