நுரைஞானியின் கண்ணாடிக் குச்சி

காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். ஆளுக்கொரு பாட்டில். இருமல் மருந்து பாட்டில், ஜாம் பாட்டில், ஒரு அம்மாள் கையில் விலை உயர்ந்த சென்ட் பாட்டில். உள்ளே இருந்தது சென்ட் அல்ல. அவரவர் அன்று காலை முதல் வேலையாகப் பிடித்துக்கொண்டு வந்தது.

அத்தனை பேரும் காத்திருந்தது நுரைஞானியைப் பார்க்க. முன்பு டயர் கடையாக இருந்த கூடத்தில், ஒரு சலூன் நாற்காலியில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்சுவரில் பெரிய சிறுநீரகப் படம். உற்றுப் பார்த்தால் அது ஏதோ விதைக் கம்பெனியின் அவரைக்கொட்டை விளம்பரம் என்று தெரியும். உற்றுப் பார்க்கிறவர்கள் ஏன் அந்த வரிசைக்கு வரப்போகிறார்கள்?

நானும் போனவன்தான். எனக்கு ஒரு நோயும் கிடையாது. என் தங்கை புருஷனுக்குத் துணையாகப் போய், கும்பலைப் பார்த்ததும் சபலப்பட்டு நானும் ஒரு பாட்டிலை நிரப்பிவிட்டேன். என் இடது சிறுநீரகம் வலதைவிட ஒரு வயது மூத்தது என்றார் ஞானி. அதன்பிறகு இரண்டு நாள் மூத்ததுக்கு மரியாதை கொடுத்து வலது பக்கமாகவே படுத்துத் தூங்கினேன்.

மாப்பிள்ளை கதை வேறு. அவர் பெயின்டர். நுரையீரலில் கிருமி புகுந்து பதினேழு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். நடுவில் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். பத்தாம் நாள் அதுகளாகவே மனம் மாறி வேலைக்குத் திரும்பின. "கிட்னி மறுபடி வேலை செய்யுது" என்றார் டாக்டர். அதைக் கேட்டவுடன் எங்கள் குடும்பம் காதைப் பொத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எங்களுக்கு ஏறவில்லை. கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வரவேண்டிய தேதி அதில் இருந்தது. அது ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

ஞானிக்குப் பிடித்தமான ஆட்கள் இப்படி ஐ.சி.யூ. வாசலை மிதித்துவிட்டு வந்தவர்கள்தான். பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே தேறிக்கொண்டிருப்பவர்கள். தேறுகிறவனைத் தேற்றுவதைப்போலச் சுலபமான வைத்தியம் உலகத்தில் உண்டா?

முறை இதுதான். பாட்டிலை வாங்கிக் குலுக்குவார். நுரை பொங்கும். "பாத்தியா, விஷம்!" என்பார். வெள்ளையாக ஏதோ நிரம்பிய கிண்ணத்தில் நிற்கும் கண்ணாடிக் குச்சியை எடுத்து நுரையைத் தொடுவார். நுரை பொசுக்கென்று அமுங்கும். கூடமே பெருமூச்சு விடும். இப்படி மூன்று அமர்வு. மூன்றாவது அமர்வில் ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட வேண்டும். அதற்குப் பிறகும் வீட்டில் நுரை வந்தால் மறுபடி வரிசைக்கு வரலாம்.

"ஊசி குத்தினா தூங்குற விஷம் முழிச்சுக்கும். அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று ஞானி சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் மூன்றாவது அமர்வு புதன்கிழமை. ஆஸ்பத்திரித் தேதி வியாழக்கிழமை.

செவ்வாய் சாயங்காலம் மாப்பிள்ளை ஃப்ரிட்ஜிலிருந்து சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். என் தங்கை பார்த்துவிட்டாள். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் வேலை செய்பவள்.

"என்னங்க அது?"

"ஐயா கேட்டாரு. நாளைக்கு நுரை மொத்தமா போயிடும். இப்பவே குச்சி பட்டா பொசுக்குன்னு அமுங்குது தெரியுமா?"

"காலையில வீட்டுல போறப்ப?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "வீட்டுல இருக்கத்தான் செய்யுது."

"நுரை பொசுக்குன்னு அமுங்குதா?" என்று அவள் திரும்பக் கேட்டாள். "அந்தக் கிண்ணத்துல இருக்கறது என்ன கலரு அண்ணா?"

"பால் மாதிரி வெள்ளை" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பதினேழு நாள் அந்தக் கதவுக்கு வெளியில உக்காந்திருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது" என்றாள். மாப்பிள்ளை பாட்டிலைத் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அவளும் எங்களோடு வந்தாள். விடியற்காலையிலேயே ஹோட்டலுக்குப் போய் லீவு சொல்லிவிட்டு, கையில் ஒரு பாட்டிலோடு. மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள்.

ஞானி வாங்கிக் குலுக்கினார். பாட்டில் வாய்வரை நுரை.

"அடடா! இவ்வளவு விஷத்தோட எப்படிம்மா நடமாடுற? ஐ.சி.யூ.ல எத்தனை நாள் இருந்த?"

"நிறைய நாள் ஐயா."

"தெரியுது. வலது கிட்னி கதறுது." குச்சி தொட்டது. நுரை போயே போச்சு. "இனி கவலைப்படாத. பதினாறு வயசுப் பொண்ணோட கிட்னி உனக்கு!"

"எனக்கில்ல ஐயா" என்றாள் தங்கை. "எங்க ஹோட்டல் மூணாம் நம்பர் வாஷிங் மெஷினுக்கு. விடியக்காலையில போர்வை துவைச்ச தண்ணி இது. அதுக்கு கிட்னி இருக்குன்னு இவ்வளவு நாளா எங்களுக்குத் தெரியாது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஞானி எழுந்து நின்றுவிட்டார். "என்னையே சோதிக்கிறியா? குச்சியோட சக்தி சோப்பையும் விடாதும்மா!"

"அப்படின்னா அந்தக் குச்சியக் கழுவிட்டுத் தொடுங்க."

"கழுவக் கூடாது!"

"ஏன் கூடாது?" இது வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குச்சியைப் பிடுங்கிக் குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்த்து அலசித் துடைத்துக்கொண்டு வந்து, தன் பாட்டிலைத் தானே குலுக்கித் தொட்டார். நுரை அசையவில்லை. அடுத்தவர் பாட்டில், அதற்கடுத்தவர் பாட்டில், சென்ட் பாட்டில். எதிலும் அசையவில்லை.

தங்கை அந்தக் கிண்ணத்தில் விரல் நுனியைத் தோய்த்து, வாத்தியாரின் நுரையைத் தொட்டாள். பொசுக்.

"இது நுரை அடக்கி. மெஷின்ல சோப்பு அதிகமாகி நுரை பொங்கினா ஒரு மூடி ஊத்துவோம். எங்ககிட்ட கேன் கேனா கெடக்கு. நுரை போகும், அழுக்கு அங்கேயேதான் இருக்கும்."

"ஆனா எனக்கு நிஜமாவே ஒடம்பு தேவலையாச்சேம்மா?" என்றார் வாத்தியார், பாவமாக.

"ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்பவே தேறிக்கிட்டுதான சார் வந்தீங்க? பேரு மட்டும் இவருக்கு." அவள் மாப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தாள். "இதை யாராவது படிச்சீங்களா? பின்பக்கம்?"

யாரும் படிக்கவில்லை. நானும்தான். அவள் சத்தமாகப் படித்தாள். ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் தேறினாலும் பிற்பாடு மெல்ல மெல்லப் பழுதாகலாம். வெளியே தெரியாது. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் தவறாமல் பார்க்க வேண்டும். வலி மாத்திரையைச் சொந்தமாக வாங்கி விழுங்கக் கூடாது. சிறுநீரில் நுரை நீடித்தால் புரதம் ஒழுகுவதாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும்.

எந்த நுரையைச் சொல்லச் சொல்லியிருந்தார்களோ அதை இத்தனை பேரும் இங்கே கொண்டுவந்து அமுக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

அப்புறம் எல்லாரும் அந்தக் கூடைமேல் பாய்ந்தார்கள். "இது என் பாதி!" "என் தேதி எங்க? என் தேதிய யாரு வச்சிருக்கீங்க?" என்று கிழிந்த சீட்டுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். சென்ட் அம்மாளின் மேல்பாதியும் வாத்தியாரின் கீழ்பாதியும் சேர்ந்து ஒரு புது நோயாளியே உருவாகிவிட்டார். இந்தக் கலவரத்தில் ஞானி பின்வாசல் வழியாக நழுவினார். கோட்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது. மாப்பிள்ளை, டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் பையில் வைத்திருந்த முட்டிவலி மாத்திரை அட்டையை எடுத்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல், காலியான கூடையில் போட்டார்.

வியாழக்கிழமை பரிசோதனை நடந்தது. புரதம் ஒழுகுகிறது. ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா பேச்சே வேற" என்றார். இந்தத் தடவை நாங்கள் காதைப் பொத்தவில்லை. தங்கை புதுச் சீட்டை முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜில் மாட்டினாள்.

நுரைஞானி இப்போது வேறொரு தெருவில் நகத்தைப் பார்த்து இதயத்துக்கு வயது சொல்கிறாராம். அங்கேயும் வரிசை தெருமுனையைத் தாண்டுகிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். குடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போங்கள். மூளையையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். வைத்தால், திரும்பி வரும்போது குடை மட்டும்தான் இருக்கும்.