நிலாவில் தண்ணீர், லோத்குண்டாவில் கடிதம்

அன்று காலை ஆறரை மணிக்கு, இந்திய அரசாங்கத்தின் மீது போர் தொடுப்பது என்று நான் முடிவு செய்தேன்.

கையில் இருந்த ஆயுதம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அதுவும் காலி. செகந்திராபாத்தை ஒட்டிய லோத்குண்டாவில் எங்கள் தெருக் குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். வரும் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். முதலில் குழாய் இருமும். பிறகு காற்று விடும். மனசு வைத்தால் அரை மணி நேரம் ஒழுகும். அன்றைக்கு இருமலோடு நின்றுவிட்டது. நான் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், நிலாவில் தண்ணீர் இருக்கிறதாம். நம்முடைய சந்திரயான் கண்டுபிடித்துவிட்டதாம்.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்!

"கல்பகம்! கேட்டியாடி அநியாயத்தை! நிலாவுல தண்ணியாம்!"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அப்படியா! ரொம்ப சந்தோஷம். அங்க எத்தனை மணிக்குத் திறந்து விடறாளாம்?"

"விளையாடாதே! முந்நூத்தி எண்பத்தாறு கோடி ரூபாய்! அத்தனையும் செலவழிச்சு மூணே முக்கால் லட்சம் கிலோமீட்டர் போய்த் தண்ணி தேடியிருக்கா. மெயின் ரோட்டுலேர்ந்து நம்மாத்துக்கு முந்நூறு மீட்டர். இங்கே தேட ஒருத்தரும் இல்லை!"

"சரி, அதுக்கு நீங்க என்ன பண்ணப் போறேள்?"

"பொங்கப் போறேன்!"

"காபியைக் குடிச்சுட்டுப் பொங்குங்கோ. ஆறிப் போறது."

பொங்குவது என்றால் நான் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த பொங்கல் கடிதம் எழுதுவதுதான். பெயர் நாராயணஸ்வாமி. ராணுவத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், நிர்வாகப் பிரிவில், இருபத்தெட்டு வருஷமாகக் கடிதம் எழுதிக் கொண்டிருக்கிறேன். இந்த செகந்திராபாத் வட்டாரத்தில் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இது என்னுடைய அபிப்பிராயம். என் மேலதிகாரி வெங்கடகிருஷ்ணனின் அபிப்பிராயம் வேறு. என் டிராஃப்ட் அவர் மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தால், அதில் என்னுடையதாக மிஞ்சுவது தேதி மட்டும்தான். சில நாள் தேதியையும் மாற்றியிருப்பார்.

அடுத்த மாதம் பதவி உயர்வுக் கமிட்டி கூடுகிறது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. என் எழுத்து ஒரே ஒரு தடவை பேப்பரில் வந்துவிட்டால் போதும், அந்த மனுஷர் வாயைப் பிளந்துவிடுவார் என்று ஆசை. ஆனால் அதில் ஒரு சிக்கல். அரசு ஊழியன் அரசாங்கத்தைத் திட்டிப் பத்திரிகைக்கு எழுதக்கூடாது. நடத்தை விதி. எழுதினால் பதவி உயர்வு போகும், மெமோ வரும். அந்த மெமோவை டைப் அடிக்க வேண்டியவனும் நான்தான். அந்த விதியைச் சுற்றறிக்கையாக்கி, வருஷா வருஷம் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதே என் வேலை.

அதனால் கல்பகத்தின் பெயரில் எழுதினேன்.

மூன்று நாள் உழைத்தேன். இங்கிலீஷ் கடிதம். விண்வெளிச் செலவைக் கிழித்துத் தொங்கவிட்டேன். நிலாவில் நீர் கண்ட பெருமக்களே, லோத்குண்டாவில் குழாய் கண்டதுண்டா என்று கேட்டேன். படித்துப் பார்த்து நானே கண் கலங்கினேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு, கல்பகம் அப்பளம் பொரிக்கிற நேரமாகப் பார்த்து அடுப்படிக்குப் போனேன்.

"ஒரு கையெழுத்துப் போடு."

"என்னதுன்னா?"

"ரேஷன் கார்டு சமாசாரம்."

ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, மறு கையில் பேனா. போட்டுவிட்டாள். கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள், அன்று அப்பளம் கருகிவிடுமே என்று படிக்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கே கூரியரில் அனுப்பினேன்.

வியாழக்கிழமை பேப்பரில் கடிதம் வந்துவிட்டது. கட்டம் கட்டி, முதல் கடிதமாக! ஆனால் எனக்கு முன்னால் பார்த்தவள் பக்கத்து வீட்டு எலிசபெத். அவள் புருஷனுக்கு ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. பேப்பரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா! என்னாக்கா இப்படி எழுதியிருக்கீங்க! எங்க வீட்டுக்காரரு ரெண்டு வாட்டி படிச்சாரு!"

கல்பகம் பேப்பரை வாங்கினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே சொல்லாதே என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் புருவம் ஒரு தடவை மேலே போயிற்று. பிறகு நிதானமாகக் கீழே இறங்கியது.

"ஏதோ, மனசுல பட்டதை எழுதினேன், எலிசபெத்."

"சொல்லவே இல்லியே! எப்பக்கா எழுதுனீங்க?"

"அப்பளம் பொரிக்கறச்சே."

"அண்ணா எதுனா ஹெல்ப் பண்ணாரா?"

"நக்கோ, நக்கோ, ஒண்ணும் பண்ணலை. அவருக்கு இதெல்லாம் வராது. பாவம், பக்கெட்டை வெச்சுண்டு நிப்பார்."

என் மூன்று நாள் உழைப்பு! எலிசபெத் போனதும் வெளியே வந்தேன்.

"ரேஷன் கார்டு ரொம்ப நன்னா அச்சாயிருக்கு," என்றாள் கல்பகம்.

"கோச்சுக்காதேடி. ஆபீஸ் ரூல். என் பேர்ல போட முடியாது."

"எனக்கென்ன கோவம்? கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் இன்னிக்குத்தான் என் பேரை அச்சுல பார்க்கறேன். நன்னாத்தான் இருக்கு."

அத்தோடு விட்டிருந்தால் நான் ஏன் உங்களிடம் அழப் போகிறேன்? மறுநாள் காலையில் தெருவுக்கு ஒரு தண்ணீர் டாங்கர் தானாக வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "கல்பகம் மேடம் இல்லு எக்கட?" என்று தெலுங்கில் எங்கள் வீட்டை விசாரித்தான். மேடம் வாசலில் நின்று தெருவை வரிசைப்படுத்தினாள். மேடத்தின் புருஷன் பன்னிரண்டு குடம் தூக்கினான். மளிகைக் கடையிலும் கோயிலிலும் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் விண்வெளி பற்றிச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். நிலாவில் குடியேறலாமா? அங்கே பஞ்சாங்கம் உண்டா? இவளும் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் எங்கள் பெண் ஸ்ரேயா, தினம் ஒரு கத்தை பிரிண்ட் அவுட் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு நாள் நான் மோர் சாதம் சாப்பிடும்போது கல்பகம் கேட்டாள்.

"ஏன்னா, இந்தப் பிரபஞ்சம் விரிஞ்சுண்டே போறதாமே?"

"ஆமாம்."

"எதுக்குள்ள விரியறது?"

நான் மாவடுவைக் கடித்தேன். "அது… பக்கத்துல இருக்கற இடத்துக்குள்ள."

"பக்கத்துல இடமே கிடையாதாமே. இருக்கற இடந்தான் விரியறதாம்."

"நம்ம வீட்டை ஒருத்தனும் விரிக்க மாட்டேங்கறான். அதைக் கேளு!"

"கோவப்படாதேங்கோ. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லலாம். பெரிய பெரிய சயன்டிஸ்டே சொல்றா."

"ஸ்ரேயா, உங்கம்மாவைப் பாரு!" என்று மகளிடம் முறையிட்டேன்.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லைட் தீஸ்கோ டாடி, பெரிசா எடுத்துக்காதே. மம்மி ராக்ஸ்."

பத்தாவது நாள் கல்பகம் குண்டைத் தூக்கிப் போட்டாள். "ஏன்னா, அந்த லெட்டர்ல இருக்கறது அபத்தம்."

"என்னது!"

"முந்நூத்தி எண்பத்தாறு கோடியை ஜனத்தொகையால வகுத்தேன். தலைக்கு மூணு ரூபாய் சில்லறை. நம்மாத்துல மூணு பேருக்குமாச் சேர்த்துப் பத்து ரூபாய். நீங்க அதைத் திட்டின லெட்டரைக் கூரியர்ல அனுப்பினது இருபது ரூபாய்."

"கணக்கு வேற, கொள்கை வேற!"

"கொள்கையும் தப்பு. அவா தேடிண்டு போனா, கிடைச்சுது. இங்கே குழாய் இருமறதுக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம்? என் பேர்ல ஊரெல்லாம் படிச்சிருக்கா. எனக்கு வெக்கமா இருக்கு."

என் எழுத்தை அபத்தம் என்று சொல்ல ஆபீஸில் ஒருவர் இருந்தார். இப்போது வீட்டிலும் ஒருத்தி. நான் இரண்டு வேளை பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வெங்கடகிருஷ்ணன்! பக்கத்து அல்வாலில் வீடு. வாக்கிங் வந்தாராம். கையில் அந்தக் கடிதம், பேப்பரிலிருந்து வெட்டி எடுத்தது. உட்கார்ந்து, காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கல்பகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இதை நீங்கதானே எழுதினது?"

"ஆமாம் சார்."

"ஒரு சின்ன சந்தேகம். 'மேற்படி விஷயத்தில் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது'ன்னு ஆரம்பிக்கிறது. 'தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்'னு முடியறது. இந்த மாதிரி இங்கிலீஷை நான் எங்கேயோ பார்த்திருக்கேன். தினமும் பார்த்திருக்கேன். தினமும் அடிச்சுத் திருத்தியிருக்கேன்."

என் பக்கம் திரும்பினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்க தோஷம், ஐயா! இருபத்தெட்டு வருஷமாகக் கை எழுதி எழுதி, என் மனைவியின் பெயரில் எழுதும்போதும் அப்படியே எழுதித் தொலைத்திருக்கிறது. பதவி உயர்வு போச்சு. மெமோவை எந்த எழுத்துருவில் அடிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கல்பகம் சிரித்தாள். "இருபத்தாறு வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன் சார். மளிகை லிஸ்ட்டுக்கு அடியிலயே 'உரிய நடவடிக்கைக்கு'ன்னு எழுதறார். எனக்கும் தொத்திண்டுடுத்து."

வெங்கடகிருஷ்ணன் காபி புரையேறச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அப்படியே அவள் காலில் விழலாமா என்று தோன்றியது. நல்லவேளை, விழவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா நான் எழுதினது தப்பு சார். இவர்தான் எனக்குப் பொறுமையா எடுத்துச் சொன்னார்."

"யாரு, இவரா?"

"ஆமாம் சார். மறுப்புக்கூட எழுதிண்டிருக்கார், தன் சொந்தப் பேர்லயே. விண்வெளி ஆராய்ச்சியைப் பாராட்டி. பாராட்டினா ரூல்படி தப்பில்லையே?"

"பாராட்டறதுல என்னம்மா தப்பு! ஓய் நாராயணஸ்வாமி, சீக்கிரம் போடும். கமிட்டிக்கு முன்னாடி வந்தா உமக்கு நல்லது."

அவர் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் பொறுத்தேன். பிறகு குதித்தேன்.

"என்னையே நான் மறுக்கணுமா? மானம் இருக்குடி எனக்கு! மாட்டேன்!"

கல்பகம் சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவைத் தூக்கி, அடியில் விரித்திருந்த காகிதத்தை உருவினாள். நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய சுற்றறிக்கை. நடத்தை விதிதான். அதை உரக்கப் படித்தாள்.

"சொந்தப் பெயரிலோ, பெயரில்லாமலோ, புனைபெயரிலோ, வேறொருவர் பெயரிலோ அரசைக் குறைகூறக் கூடாது. வேறொருவர்னா யாருன்னா? நானா?"

இருபத்தெட்டு வருஷமாக அதை ஊருக்கெல்லாம் அனுப்பியவன் நான். முழுக்கப் படித்தவள் அவள்.

"அப்போ… அப்போ என் பேர்ல நீ எழுதினா மட்டும் சரியா?"

"நான் என்ன கவர்மெண்ட் உத்தியோகத்துலயா இருக்கேன்? எனக்கு ஒரு ரூலும் கிடையாது. நகருங்கோ, பேனாவைத் தாங்கோ."

அரை மணி நேரத்தில் எழுதிவிட்டாள். தலைக்கு மூன்று ரூபாய் கணக்கைப் போட்டாள். வானத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கிற குழந்தைகளுக்குப் பதில் சொல்ல அந்த மூன்று ரூபாய் அதிகமா என்று கேட்டாள். நிலாவில் தேடின மாதிரி எங்கள் தெருவிலும் யாராவது அக்கறையாகத் தேடட்டும், அதற்கு நிலாவைத் திட்ட வேண்டாம் என்று முடித்திருந்தாள். எனக்கே மறுத்துப் பேசத் தோன்றவில்லை. நடுவில் ஒரு வரியில்தான் நின்றேன்.

"'விவரம் போதாத ஒருவர் பேச்சைக் கேட்டு என் மனைவி அப்படி எழுதிவிட்டாள்.' யாருடி அந்த விவரம் போதாதவன்?"

"பேர் போடலையே. கையெழுத்தைப் போடுங்கோ."

போட்டேன்.

அடுத்த வாரமே வந்துவிட்டது. கட்டம் கட்டி, முதல் கடிதமாக, என் சொந்தப் பெயரில். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். பியூன் முதல் அக்கவுண்ட்ஸ் அபயாம்பாள் வரை கை குலுக்கினார்கள். மாதக் கடைசியில் கமிட்டி முடிந்தது. வெங்கடகிருஷ்ணன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எழுந்து நின்று, பதவி உயர்வு ஆர்டரைக் கையில் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"ஓய், உம்ம எழுத்தைப் பத்தித் தப்பா நினைச்சுட்டேன். அந்த லெட்டர்ல நானாயிருந்தா ஒரு கமாவைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். என்ன தெளிவு, என்ன நயம்!"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்," என்றேன், கூச்சத்தோடு தலையைக் குனிந்து.

அவர் மேஜையில் இருந்த பதினான்கு ஃபைல்களையும் அடுக்கி என் கையில் வைத்தார். "ஆபீஸ்ல உமக்குச் சுத்தமா எழுத வரலை. இனிமே எல்லாத்தையும் ஆத்துக்கு எடுத்துண்டு போய் எழுதிண்டு வாரும்!"