வாயைத் திறக்காத பதினெட்டு நிமிஷம்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிற ஒரு மனுஷனுக்கு, சொந்த வீட்டு ஹாலில் ஐந்து ஸ்பீக்கர் வைக்க இடம் இல்லை என்றால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! நாள் பூராவும் ஆயிரம் பேர் அவர் குரலைக் கேட்டு ஓடுகிறார்கள், ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். வீட்டில் மட்டும், "அந்த ஸ்பீக்கர் என் பூந்தொட்டியை மறைக்குது" என்கிறாள் மனைவி.

இருந்தாலும் குரல் என்று ஒன்று இருக்கிறதே! அதை வைத்துத்தான் அறிவிப்பாளர் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்திலும் தோற்றதில்லை. மனைவி முதல் வார்த்தையை எடுப்பதற்குள் இவர் முடிவுரைக்கு வந்துவிடுவார். அப்படி ஜெயித்துக் காப்பாற்றி வைத்திருப்பதில் முக்கியமானது அவருடைய நாற்காலி. பதினோரு வருஷத்து நாற்காலி. ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். உட்கார்ந்தால் 'க்ரீச்' என்னும், எழுந்தால் இன்னொரு தரம் என்னும். அதைத் தூக்கிப் போடலாம் என்று மனைவி வருஷத்துக்கு நாலு தடவை ஆரம்பிப்பாள். "அது போனா நானும் போறேன்!" என்று இவர் முழங்குவார். ஜன்னல் கண்ணாடி அதிரும். பேச்சு அதோடு சரி.

இந்த ஸ்பீக்கர் விஷயத்தில் மனைவி, பூந்தொட்டியை நகர்த்திக்கொண்ட பிறகு, அதிசயமாக ஒத்துழைத்தாள். இவருக்குப் படிக்கிற கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. குறிப்புப் புத்தகத்தை அவளே உரக்கப் படித்தாள்.

"முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு. நீங்க உட்கார்ற இடத்துல, காது உயரத்துக்கு இந்த மைக்கை நிறுத்தணுமாம். பாட்டுப் பெட்டியே ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் விட்டு, தானே அளந்துக்குமாம்."

"அவ்வளவுதானே?"

"பதினெட்டு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சத்தம் கேட்டா மறுபடி மொதல்லேருந்து. அப்புறம், உயரமா முதுகு வச்ச நாற்காலி இருந்தா அந்த நேரத்துக்கு மட்டும் தள்ளி வைக்கணுமாம்."

"அப்படியா போட்டிருக்கு?"

"பதினாலாம் பக்கம். நீங்களே பாருங்க."

கண்ணாடி இல்லாமல் எதைப் பார்ப்பது? நாற்காலியை அவரே வாசல் கதவோரம் இழுத்து வைத்து, அது இருந்த இடத்தில் மைக்கை நிறுத்தினார். தரையில் கீறல் விழக்கூடாதென்று அவள் முந்தின நாளே அதன் நாலு காலிலும் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "உனக்கும் பொறுப்பு வந்துடுச்சே!" என்று அவர் பாராட்டக்கூடச் செய்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு மணிக்குச் சகலை வருகிறான். மைத்துனியைக் கட்டிய நாளிலிருந்து தன் வீட்டு ஸ்பீக்கரைப் பற்றி அளந்து தள்ளுகிறவன். அவன் வாயை இன்றைக்கு அடைத்தே ஆக வேண்டும்.

முதல் தடவை இவருக்கே தும்மல் வந்தது. டிவி திரையில் எழுத்து ஓடியது: 'அறையில் சத்தம். முதலிலிருந்து தொடங்கவும்.' இரண்டாம் தடவை, தெருவில் பேசிக்கொண்டு போனவர்களைப் பார்த்து "சத்தம் போடாதீங்க!" என்று இவரே சத்தம் போட்டார். மூன்றாம் தடவை கீழ்வீட்டுத் தச்சர் ரம்பத்தை ஓட விட்டார். இவர் இறங்கிப் போய்க் கெஞ்ச வேண்டியதாயிற்று.

"நாலு மணி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன் சார். அப்புறம் ஆறு மணி வரைக்கும் ஓட்டியே ஆகணும். கதவு குடுக்கணும்" என்றார் தச்சர்.

மணி மூன்று நாற்பது. இதை விட்டால் இன்றைக்கு வேறு நேரம் இல்லை. அவர் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில், பின்சுவரில் இடது ஸ்பீக்கருக்கு மனைவி அடித்திருந்த ஆணி மெல்லப் பெயர்ந்தது. அறிவிப்பாளர் பூனை நடை நடந்து போய், ஸ்பீக்கரை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். விட்டால் விழும்.

முன் ஸ்பீக்கர் 'டூப், டூப்' என்று அளக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு ஓசைப்படாமல் திறந்தது. பழைய சாமான் வாங்குகிறவரும் அவருடைய உதவியாளும், செருப்பை வெளியே விட்டுவிட்டு, நுனிக்காலில் உள்ளே வந்தார்கள்.

மனைவி ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். கண்ணாடி போடாதவருக்கும் தெரிகிற பெரிய எழுத்து.

'நாற்காலியைக் குடுத்துடலாமா? வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லுங்க.'

அவர் தலையைப் பலமாக ஆட்டினார். அவள் அடுத்த அட்டையை எடுத்தாள்.

'தலையை ஆட்டாதீங்க. ஸ்பீக்கர் ஆடுது.'

இதை எப்போது எழுதி வைத்தாள்? ஆணி பெயரும், இவர் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று இவளுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? அறிவிப்பாளருக்கு மூக்கு விடைத்தது, காது சிவந்தது. ஒரு வார்த்தை போதும், நாற்காலி நின்றுவிடும். ஆனால் சகலை சிரிப்பான். பேருந்து நிலையத்தையே கலக்குகிற குரல் தொண்டை வரை வந்து, சகலையின் பல்வரிசையை நினைத்துத் திரும்பிப் போனது.

மூன்றாவது அட்டை: 'சம்மதம்தான் போல. எடுங்க அண்ணே.'

நாற்காலி எழும்பியது. பதினோரு வருஷமாகத் தொட்டதற்கெல்லாம் க்ரீச்சிட்ட அந்தத் துரோகி, அன்றைக்குப் பார்த்து ஒரு முனகல்கூட இல்லாமல் வாசலைத் தாண்டியது. படிக்கட்டில் இறங்குகிற சத்தமும் கேட்கவில்லை. எல்லாம் துணியின் மகிமை.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது திரையில் 'அளவீடு முடிந்தது' என்று வந்தது.

"என் நாற்காலி!"

கீழே தச்சர் பதறிப்போய் வெளியே வந்து பார்த்தார். மனைவி அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

"எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனா?"

"எப்படிடி சொல்றது? வாயைத் திறக்க முடியலையே!"

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பதினோரு வருஷமா."

அவர் அதுவரை பிடித்திருந்த ஸ்பீக்கரைத் தரையில் வைத்துவிட்டு, மைக் நின்ற இடத்துக்குப் போனார். ஹாலுக்கு நட்டநடு. சோபாவோ தள்ளிச் சுவரோரம் கிடந்தது. அவர் காதை மைக் உயரத்துக்குக் கொண்டுவர முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் பாதி உட்கார்ந்தார். ஆணியை மறுபடி அடித்து மனைவி பாட்டைப் போட்டாள். அடடா, என்ன சத்தம்! தேவலோகம்தான். தொடை மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. நிமிர்ந்தால் சுரம் பாழ், சோபாவுக்குப் போனால் பாதிதான் கேட்டது.

"நாளைக்கு மைக்கை சோபாவுல வச்சு மறுபடி அளக்கப் போறேன்!" என்றார் ஆவேசமாக.

"தாராளமா அளந்துக்கோங்க" என்றாள் அவள். "பழைய சாமான்காரர் நம்பர் வச்சிருக்கேன். பரண் மேல உங்க தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் இன்னும் அப்படியேதான் கிடக்கு."

ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அறிவிப்பாளர் அடுக்களைக்குப் போய், முக்காலியை எடுத்துவந்து ஹால் நடுவில் போட்டார்.