கை காட்டிய ரியாசுதீன்

ரியாசுதீன் வலது கையை நேராக நீட்டியதுதான் தாமதம், அவலூர்பேட்டை பஸ் கிரீச்சென்று அவன் முன்னால் வந்து நின்றது.

"சீக்கிரம் ஏறுய்யா, நேரமாவுது!" என்றார் கண்டக்டர்.

அரிசி மில் லாரியில் கிளீனராக இருந்த ரியாசுதீனுக்கு அன்று காலை செஞ்சி பயணியர் பங்களாவில் லைசென்சுக்கான எழுத்துப் பரீட்சை. தேறினால் ஸ்டியரிங் அவன் கைக்கு வரும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால்தான் கடைவீதி ஓரமாக நின்று சாலைச் சைகைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பஸ்ஸுக்கு நிக்கலீங்க. வலது பக்கம் திரும்பறேன்."

"திரும்பறதுக்கு எதுக்குய்யா பஸ்ஸ நிறுத்தின?"

பஸ் முழுக்க எட்டிப் பார்த்துச் சிரித்தது. மானம் போகிறதே என்று ஏறிவிட்டான், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று. அந்த நிறுத்தமோ ஊரைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் வந்தது. கோட்டை மலையே சின்னதாகிவிட்டது.

செஞ்சிக்குத் திரும்பும் பஸ் வந்தது. பதற்றத்தில் அவன் கை பழக்கப்படி முன்னும் பின்னும் வீசியது. 'என்னை முந்திப் போகலாம்' என்ற சைகை! டிரைவர் ஒரு சலாம் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

அழாத குறையாக நின்றபோது ஒரு ஜீப் பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, அவன் கால் விரலருகே நின்றது. ஓட்டி வந்தவர் காக்கிச் சட்டை, முறுக்கு மீசை.

"எங்க போற?"

"பங்களாவுக்கு சார். லைசென்சு பரீட்சை."

அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறு. படிச்சிருக்கியா? கையை வட்டமா சுத்துனா இன்னா அர்த்தம்?"

ரியாசுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தான். லைசென்சு கொடுக்கும் இன்ஸ்பெக்டரேதான்! பரீட்சை இங்கேயே ஆரம்பித்துவிட்டது.

"இடது பக்கம் திரும்பறோம்னு அர்த்தம் சார்!"

"வளைவு வந்தா?"

"மெதுவா போவணும் சார்!"

அதே வளைவில் ஜீப் சீறிப் பாய்ந்து ஒரு வைக்கோல் வண்டியை உரசியது. சோதிப்பதற்காக வேண்டுமென்றே தப்பாக ஓட்டுகிறார் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பையெல்லாம் எடுத்துச் சொன்னான். அவரும் தலையாட்டிக்கொண்டே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

பங்களா வாசல் பூந்தொட்டியை இடித்து ஜீப் நின்றது. ரியாசுதீன் குதித்து இறங்கி விறைப்பாக நின்றான்.

"நான் பாசுதானே சார்?"

காக்கிச் சட்டைக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தார்.

"பாய், நீங்க சொன்னதுல பாதிதான் மண்டையில ஏறுச்சி. உள்ள என் பக்கத்துலயே உக்காருங்க, எனக்கும் இன்னிக்குத்தான் பரீட்சை!"