கேட்டலுக்கு முழுப் புள்ளி

மனித குலத்தின் மனக்கவலைகள் அனைத்தும் டிக்கோயாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் முடிவுக்கு வரவிருந்தன. ஏனென்றால் ஊர்மிளா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு உளவியல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

கணக்கியல் என்றால் கணக்குப் போட வேண்டும். உயிரியல் என்றால் தவளையை அறுக்க வேண்டும். உளவியலுக்கோ உட்கார்ந்து தலையாட்டினால் போதும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்தத் திறமை அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது.

ஹட்டன் வகுப்பில் பாடம் நடத்திய குகநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மனக்கவலை கேட்டுத் தேற்றும் ஆற்றுப்படுத்தல் கலையின் இரண்டு 'பொன்விதி'களை அவர் முதல் நாளே அருளினார்.

"பிள்ளையள், ஆர் என்ன சொன்னாலும் நீங்கள் புத்தி சொல்லக் கூடாது. அவை சொன்னதையே திருப்பிச் சொல்லோணும். கேட்டதை வேற ஆருக்கும் சொல்லவும் கூடாது. விளங்கிச்சோ?"

"எங்களுக்கு விளங்கிச்சோன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு, சேர்," என்றாள் ஊர்மிளா.

சேருக்குப் புல்லரித்தது.

வீட்டுக்கு வந்ததும் தொண்டு தொடங்கியது. அம்மா மீனம்மா வெறும் வாளியோடு உள்ளே நுழைந்தாள்.

"பைப்புல தண்ணி வரல."

"தண்ணி வரலேன்னு ஒங்களுக்குத் தோணுது."

"தோணலடி, வரல!"

"கோவமா இருக்கீங்க."

வாளி பறந்து வந்தது. இதற்கு 'எதிர்ப்பு நிலை' என்று பெயர் என்பது குனிந்தபோது ஊர்மிளாவுக்கு நினைவு வந்தது.

அடுத்து வந்தவள் அக்கா பூரணி. தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். இறம்பொடையிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது.

"எனக்கு இந்த எடம் வேணாம் ஊர்மி. கல்யாணம் ஆனா வேலைய விடணுமாம். அம்மாகிட்ட எனக்கு வாய் வராது. நீ சொல்றியா?"

ஊர்மிளா கன்னத்தில் கைவைத்து, பாடத்தில் சொன்ன கோணத்தில் சாய்ந்தாள்.

"வேலைய விட ஒங்களுக்கு மனசில்ல."

"ஆமா."

"அம்மாகிட்ட பேச பயமா இருக்கு."

"ஆமாடி, அதான் ஒன்கிட்ட சொல்றேன்!"

"என்கிட்ட சொல்றது ஒங்களுக்கு ஆறுதலா இருக்கு."

பூரணி அழுதுவிட்டாள். கண்ணீர் வந்தால் சிகிச்சை பலிக்கிறது என்று அர்த்தம். பெயரை மாற்றி ஊர்மிளா வகுப்பில் இதை விவரித்தபோது சேர் பத்துக்குப் பத்து என்று முழுப் புள்ளி போட்டார். "நீர் வலு திறமாக் கேட்டிருக்கிறீர்!"

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா ஒன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாளே. அவளுக்கு இதுல இஷ்டந்தானா? இல்லேன்னா இப்பவே வேணாம்னு சொல்லிருவோம்."

இரண்டாவது பொன்விதியைக் காக்கும் வேளை வந்துவிட்டது. உலகத்து உளவியலாளர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பதைப் போல ஊர்மிளா நிமிர்ந்து நின்றாள்.

"அது ரகசியம்மா," என்று புன்னகைத்தாள்.

"ஓ, வெக்கப்படுறாளாக்கும்!" மீனம்மா அகமகிழ்ந்து உடனே இறம்பொடைக்குப் போன் போட்டாள்.

வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. மறுநாள் பூரணி முன்பள்ளிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். பிள்ளைகள் வரைந்து கொடுத்த பூக்களையும் யானைகளையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாள். கீழே விழுந்த ஒரு யானையை ஊர்மிளா எடுத்து நீட்டினாள். இத்தனை நாள் வாய்க்குள் கிடந்த சொந்த வார்த்தை அப்போதுதான் வெளியே வந்தது.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்க்கா."

பூரணி கன்னத்தில் கைவைத்து, அதே கோணத்தில் சாய்ந்தாள்.

"தப்புப் பண்ணிட்டதா ஒங்களுக்குத் தோணுது."

"தோணலக்கா. பண்ணிட்டேன்."

பூரணி, முழுப் புள்ளி வாங்கும் அளவுக்கு, மெதுவாகத் தலையாட்டினாள்.