ஐசக் போடவிருந்த சிமென்ட்

டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஐசக் முடிவை அறிவித்துவிட்டார்.

"கிருபா, பின்னாடி இருக்கற மண்ணு பூரா சிமென்ட்டு போட்டுர்லாம். கார் வருதுல்ல. தெருவுல நிறுத்தினா கீறல் விழும்."

கார் என்பது அத்திப்பள்ளியில் ஒருவரிடம் பேசி வைத்திருந்த பழைய கார். இன்னும் பத்து நாளில் வரப்போகிறது. கீறல் என்றால் ஐசக்குக்கு ஆகாது. மூக்கண்டப்பள்ளிப் பக்கத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாக அவர் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். எதைக் கையில் எடுத்தாலும் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். கல்யாணப் பந்தியில் வைத்த லட்டையே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்றவர்.

பின்பக்க மண் கிருபாராணியின் ராஜ்ஜியம். அவரைப் பந்தல், தக்காளி, கத்திரி, ஒரு முருங்கை. செடிகளைவிட அவற்றில் குடியிருக்கும் பூச்சிகள்தான் அவளுக்கு உறவு. ஒரு சொட்டு மருந்து அடிக்க விட மாட்டாள். ஆகவே ஐசக் சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தார். ஐந்து காரணங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"சரிங்க," என்றாள் கிருபாராணி.

ஐந்து காரணமும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்னதற்கு முதல் மூச்சிலேயே 'சரிங்க' வந்ததில்லை.

"சரியா?"

"சரிதாங்க. கங்கப்பன் மேஸ்திரிகிட்ட நானே சொல்லிட்றன். அடுத்த திங்கக்கெழம வரட்டும்."

"உனக்கு வருத்தமில்லயா?"

"எனக்கென்னங்க வருத்தம். ஒண்ணே ஒண்ணு கேக்கறன். உங்க கம்பெனில ஒரு மெஷினக் கழட்டறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"உள்ள என்னென்ன பார்ட்டு இருக்குன்னு லிஸ்ட் எடுப்பம்."

"அத மட்டும் செஞ்சு குடுங்க. அங்க எது எது இருந்துச்சுன்னு எனக்கு ஒரு பேப்பர் வேணும். அவ்வளவுதான்."

உள்ளே போய் ஒரு லென்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் கடிகாரக் கம்பெனியில் வேலை செய்தவள் அவள். கடுகுபோன்ற ஸ்குருவைக்கூட நடுங்காமல் எடுத்து வைத்த கை. அந்த நாளில் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்த லென்ஸ் அது.

ஐசக்குக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். காலை நேரம் காலியாக இருந்தது. ஒரு பேப்பர், ஒரு பேனா, கவிழ்த்துப் போட்ட ஒரு பக்கெட். அரைமணியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார்.

முதலில் கண்ணில் பட்டது சிலந்தி. பந்தலின் இரண்டு கால்களுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வலை. வலையில் பெருக்கல் குறிபோல் வெள்ளையாக ஒரு தையல். அதன் மேல் காலை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மஞ்சள் பட்டை போட்ட பெரிய சிலந்தி தலைகீழாக உட்கார்ந்திருந்தது. ஐசக் பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து நூலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். மறுபடி அளந்தார். கம்பெனியில் மூன்று பேர் சேர்ந்து செய்தாலும் இப்படி வராது.

"கிருபா, இந்த ஓரத்துல கடுகாட்டம் ஒண்ணு உக்காந்திருக்குதே. அதோட குட்டியா?"

"அது அவங்க வீட்டுக்காரரு."

"ஏன் ஓரமா உக்காந்திருக்காரு?"

"நடுவுக்கு வந்தா சாப்பிட்டுருவாங்க."

"யார?"

"அவரத்தாங்க."

ஐசக் பக்கெட்டைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அடுத்து குளவி. பின்சுவரில் அது மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஈரமண்ணை உருண்டையாகக் கொண்டுவந்து, பாடிக்கொண்டே பூசியது. கூடு முடிந்ததும் சிலந்திகளைத் தூக்கிவரத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. ஐசக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார்.

"எல்லாம் செத்த சிலந்தியா?"

"சாகலீங்க. கொட்டி மயக்கி வெச்சிருக்கு. செத்தா கெட்டுப்போயிருமில்ல? உள்ள ஒரு முட்ட வெக்கும். குஞ்சு பொறிச்சு வந்தா ஒவ்வொண்ணா ஃப்ரெஷ்ஷா சாப்பிடணும்."

"ஃபிரிட்ஜே இல்லாம," என்றார் ஐசக். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஒரு சிலந்திகூட ரிஜெக்ட் ஆகல, பாத்தியா?"

அன்று அவர் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் அவள் கூப்பிடாமலேயே ஆறரைக்குப் பக்கெட்டில் இருந்தார். கத்திரிச் செடியில் ஒரு கும்பிடுபூச்சி கையைக் கூப்பி, அசையாமல் நின்றது.

"ஜெபம் பண்ற மாதிரியே நிக்குது," என்றார்.

"ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்பிடும். நம்ம வீட்ல சில பேரு மாதிரி இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு வெட்டுக்கிளி காணாமல் போனது. கை நீண்டது எப்போது, மடங்கியது எப்போது என்று ஐசக்குக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை செய்யாதா என்று ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார். அது செய்யவில்லை.

புதன்கிழமை சுவரோரப் புழுதியில் புனல்புனலாகக் குழிகளைப் பார்த்தார். ஒரு குழிக்குள் எறும்பு தவறி விழுந்தது. அது ஏற ஏற, அடியில் ஒளிந்திருந்த குழியானைப் பூச்சி மண்ணை வாரி வீசி அதைச் சறுக்க வைத்தது. குழியின் சாய்வு அளந்து வைத்ததுபோல் இருந்தது. மண் எந்தக் கோணத்தில் சரியும் என்று இதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? வியாழக்கிழமை அவரைக் கொடியில் வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழு. முதுகெல்லாம் அரிசி ஒட்டியதுபோல் வெள்ளைக் கூடுகள். கொசு அளவுகூட இல்லாத ஒரு குளவி அந்தப் புழுவுக்குள் முட்டை வைத்து, குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டியிருந்தன. லென்ஸில் பார்க்கும்போது ஒரு கூட்டின் மூடி வட்டமாகத் திறந்தது. டப்பா திறப்பதுபோல் அவ்வளவு சுத்தமான வெட்டு. உள்ளிருந்து ஒரு குட்டிக் குளவி வந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

ஐசக் லென்ஸைக் கீழே இறக்கினார்.

"தெனமும் இதயெல்லாம் பாக்கறயா நீ?" என்று கேட்டார்.

"பதினாறு வருஷமா," என்றாள். "உங்களுக்குக் காட்டணும்னு தோணும். நீங்க பஸ்ஸுக்கு ஓடிட்டிருப்பீங்க."

பேப்பர் எட்டுப் பக்கத்தைத் தாண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைதான் அவருக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. சிமென்ட் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சொன்னது யார்? அவரே. ஆண்பிள்ளை சொன்ன சொல். தோற்காமல் தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். ஐசக் திட்டம் போட்டார்.

"கிருபா, இப்ப வர்ற எம்சாண்ட் மணலு தரம் சரியில்லயாம். ஒரு மாசம் தள்ளிப் போட்டா?"

"கங்கப்பன் நல்ல லோடாப் பாத்துக் கொண்டாருவாரு. நீங்க கவலப்படாதீங்க."

"மழ வர்ற மாதிரி இருக்குது."

"வந்தா நல்லதுதாங்க. சிமென்ட்டுக்குத் தண்ணி விட்ற வேல மிச்சம்."

"முருங்க வெட்டணும். பாவமில்லயா?"

"அதுக்கென்ன, காலைலயே வெட்டச் சொல்லிட்டாப் போச்சு." அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவேயில்லை. "நீங்க ஒண்ணு சொல்லிட்டா சொன்னதுதான். எனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை முழுக்க ஐசக் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. கண்ணை மூடினால் அந்த ஓரத்துச் சின்னச் சிலந்தி சிமென்ட் கலவைக்குள் போவது தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"கிருபா, சிமென்ட் வேணாம்."

"என்னங்க இது, கார் வருதே."

"பக்கத்துக் காலி மனையில நிறுத்திக்கறன். மனைக்காரரு வெங்கடப்பன்கிட்ட பேசிட்டன். அவரு ஒத்துக்கிட்டாரு."

"செடிக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. சிமென்ட்டு போட்டா அந்த வேலயாவது மிச்சம்னு நெனச்சன்."

"காலைல நான் ஊத்தறன்."

"எரு வாங்கணும்னா தளி ரோடு வரைக்கும் போகணும்."

"நான் கொண்டாறன். கார்லயே."

"புதுசா வர்ற கார்லயா?"

"கார்லயே," என்றார் ஐசக்.

கிருபாராணி கொஞ்ச நேரம் யோசித்தாள். கஷ்டப்பட்டு யோசிப்பதுபோலவே இருந்தது. "உங்க இஷ்டங்க. நீங்க இவ்வளவு சொல்றப்ப நான் குறுக்க நிக்கறது நல்லாருக்காது. மேஸ்திரிகிட்ட நானே பக்குவமா சொல்லிட்றன்."

"வேணாம். சிமென்ட்டு போடலாம்னு நாந்தான் சொன்னன். நாந்தான் சொல்லணும். ஒரு மனுசன் வேலையக் கெடுக்கறம், அதுக்கு ஒரு மரியாத இருக்குதில்ல."

இப்போது ஐசக்குக்கு மனம் லேசாகியிருந்தது. தோட்டத்தைக் காப்பாற்றியது தான்தான் என்றுகூடத் தோன்றியது. வெளியே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கங்கப்பனுக்கு போன் போட்டார். மறுமுனையில் கல் அறுக்கிற மெஷின் சத்தம் காதைக் கிழித்தது.

"கங்கப்பா, எங்க இருக்கீங்க?"

"பர்கூர்ல சார். இங்க ஒரு வீட்டு வேல. முடிய இன்னும் ஒரு வாரமாகும்."

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வரணுமே நீங்க?"

மெஷின் நின்றது. கங்கப்பன் தயங்கினார்.

"அன்னிக்கே அக்கா சொல்லிட்டாங்களே சார். 'வேற வேல ஒத்துக்குங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள அவரே போன் பண்ணி வேணாம்னு சொல்வாரு, அப்ப மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்ற மாதிரி பேசுங்க'ன்னாங்க. ரொம்ப வருத்தமா இருக்குது சார்."