போய்லர் கம்பனியின் தொலைபேசியில் பாடியது நான்தான்

எட்மண்டன்,
லண்டன்.
பெப்ரவரி 9

பேரன்புக்குரிய மச்சாள் சந்திரவதனா அறிவது,

இங்கு நான் நலம். விம்பிள்டனில் உங்கள் முழங்கால், உங்கள் அவரின் சீனி வருத்தம், புதிதாகக் கட்டிய குசினி எல்லாம் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்கள் பிள்ளையாரையும் நான் சுகம் கேட்டதாகச் சொல்லவும். போன மாதம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு மண்டபத்தில் முந்நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "எங்கட யோகண்ணைட மனிசிக்குத் தலை பிசகிப்போச்சு, பாவம்" என்று நீங்கள் என்மேல் காட்டிய அக்கறைக்கு முதலில் நன்றி. அன்றுமுதல் சொந்தக்காரர் எல்லோரும் என்னோடு உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, கைப்பாஷையும் சேர்த்துக் கதைக்கிறார்கள். என் காதில் ஒரு குறையும் இல்லை. தலையிலும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஜனவரி நடுவில், தண்ணீர் உறையும் குளிரில், எங்கள் வீட்டைச் சூடாக்குகிற போய்லர் நின்றுபோனது. கம்பனிக்கு போன் எடுத்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கேட்டால், என் குரல்! 'நீ வரும்வரை என் கோட்டுப் பொத்தானைக் கழற்றமாட்டேன்' என்று ஒரு பெண் ரயில் நிலையத்தில் நின்று பாடுகிற ஆங்கிலப் பாட்டு. அறுபத்தேழாம் ஆண்டு, என் இருபத்தோராவது வயதில் நான் பாடியது. இப்போது எழுபத்தொன்பது வயதில், குளிருக்குக் கோட்டு மாட்டி, கழுத்துவரை பொத்தான் பூட்டி, குசினிக் கதிரையில் இருந்தபடி நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு தரம் முழுப்பாட்டும் போனது. அந்த நேரம் பார்த்து என் மகன் றொமேஷ் உள்ளே வந்தான்.

"அம்மா, போனில ஆர்?"

"நான்தான்."

"நீங்கள் இஞ்சை நிக்கிறியள். அங்கால ஆர்?"

"அங்காலயும் நான்தான் ராசா."

அவன் மெதுவாகப் போனை வாங்கி வைத்தான். வைத்ததில் எங்கள் முறையும் போனது. போய்லர் திருத்த வருவதற்கு இன்னும் ஆறு நாள் பிடித்தது. ஆனால் என்னை டொக்டரிடம் கொண்டுபோக ஆறு நாள் பிடிக்கவில்லை.

உங்களுக்கு இந்தக் கதை தெரியாமல் போனதற்கு உங்கள் அண்ணர்தான் காரணம், கடவுள் அவருடைய ஆத்துமாவுக்கு இளைப்பாற்றியைக் கொடுக்கட்டும். நான் தாதிப் பயிற்சிக்கு லண்டன் வந்த புதிதில், நத்தாருக்கு வார்டு வார்டாகப் போய்க் கரோல் பாடினோம். காலுடைந்து கிடந்த ஒரு இசைத்தட்டுக் கம்பனிக்காரன் அதைக் கேட்டுவிட்டு, லீவு நாளில் ஸ்டூடியோவுக்கு வா என்றான். போனால், அங்கே 'வெல்வெட் பட்டன்ஸ்' என்று மூன்று வெள்ளைக்காரப் பெட்டைகள் நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் இமையும் இடுப்பும் இருந்தன, சுருதி இல்லை. அவர்களுக்காக ஒன்பது பாட்டுப் பாடினேன். மேற்குரலும் நான், கீழ்க்குரலும் நான், ஊ ஊ என்று பின்னால் முனகியதும் நான். என் பெயரும் தட்டில் வருமா என்று கேட்டேன். "உன் குரலைக் கேட்டால் இந்த நாட்டுப் பெண் என்றுதான் நினைப்பார்கள். அதை ஏன் கெடுக்கவேண்டும்?" என்றான். புகழ்கிறான் என்று நினைத்து அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன், விசரி. பிறகு ஒருநாள் வார்டு டெலிவிஷனில் அந்த மூன்று பேரும் இடுப்பை ஆட்டி வாயை அசைக்கிறார்கள். கையில் மலத்தட்டோடு நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்கட்டிலில் கிடந்த நோயாளி, "நர்ஸ், கொஞ்சம் விலகு, அந்தப் பிள்ளை எவ்வளவு வடிவாகப் பாடுகிறாள்" என்றார். விலகினேன். கலியாணமான பிறகு உங்கள் அண்ணரிடம் மட்டும் சொன்னேன். "எங்கட சனம் அறிஞ்சால் கூத்தாடின பொம்பிளை எண்டு சொல்லும், வாயைத் திறவாதையும்" என்றார். அவர் இருக்கும்வரை திறக்கவில்லை.

ஞாபகசக்தி கிளினிக்கில் மாதவன் என்று ஒரு இளம் டொக்டர், சென்னைப் பிள்ளை, நல்ல பணிவு. என்ன தேதி, என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். கழித்தேன். மருமகள் துசியந்தி பக்கத்தில் இருந்து விரல்விட்டுச் சரிபார்த்து, இரண்டு இடத்தில் தானே பிழைவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அவர், "ஆன்ட்டி, அந்தப் பாட்டு விஷயம் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"உங்க குரல் வேற எங்கயாவது கேக்குதா?"

"ஓம், கேக்கும். சூப்பர்மார்க்கெட்டில கேக்கும். ரெண்டு தரம் லிஃப்டில கேட்டது."

"இப்ப கேக்குதா?"

"இப்ப என்னெண்டு கேக்கும்? நீங்கள் இஞ்சை ரேடியோ போடேல்லையே."

அவர் நீளமாக எதையோ எழுதினார். சந்தேகம் தீரட்டும் என்று பாடிக்காட்டினேன். அதையும் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் காஸ் அடுப்புக்குப் பூட்டு, வாசற்கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு அடுத்த வீட்டில், என் கழுத்தில் அமத்தினால் ஆள் வருகிற ஒரு பொத்தான். அதற்குப் பிறகுதான் மச்சாள், மண்டபத்தில் உங்கள் அறிவித்தல்.

இதற்கு ஒரு சாட்சிதான் வழி என்று யோசித்தேன். மூன்று பெட்டைகளில் இரண்டு பேர் போய்விட்டார்கள். நடுவில் நின்ற டொறீன் மட்டும் இருக்கிறாள். தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகப் போட்டு, கடை கடையாகப் போய்க் கையெழுத்து வைக்கிறாள் என்று பேப்பரில் கண்டு, துசியந்தியையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றோம். டொறீன் தலை நிமிராமல், யார் பெயருக்கு எழுத என்று கேட்டாள்.

"றெஜினா. ஸ்டூடியோவில் பாடின றெஜினா" என்றேன்.

பேனை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "அழகான பெயர். உங்களை முதல்தரம் சந்திப்பதில் சந்தோஷம்" என்று எழுதித் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

"மாமி, வாங்கோ போவம். அவவுக்கு உங்களைத் தெரியாது" என்று துசியந்தி என் முழங்கையைப் பிடித்தாள். பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கழிவறைக்குள் போய் முகத்தைக் கழுவினேன். கதவு திறந்தது. டொறீன்.

"இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் நீ அவசரமாக மூச்சு எடுப்பாய்" என்றாள். "அந்த மூச்சை ஐம்பத்தெட்டு வருஷமாக நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாறி எடுத்தால் பிடிபட்டுவிடுவேன்."

"அப்படியென்றால் வெளியே வந்து அதைச் சொல்லு. என் மருமகள் நிற்கிறாள்."

"சொன்னால் எனக்கு என்ன மிஞ்சும், றெஜினா? முகம் போய்விட்டது, பார்."

பார்த்தேன். கண்ணாடியில் இரண்டு கிழவிகள். கதவுக்கு அந்தப் பக்கம் துசியந்தி நின்றாள். கூப்பிட்டிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை மச்சாள். உங்கள் அண்ணரோடு நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தேன், நான் எங்கே மூச்சு எடுக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. அவள் கவனித்திருக்கிறாள். அந்த நினைப்பு வாயை அடைத்துப்போட்டது. டொறீன் என் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு முதலில் வெளியே போனாள், போனுக்குள் தலையைக் குனிந்திருந்த துசியந்தி அவளைக் காணவில்லை. பிறகு நான் போனேன்.

"மாமி, உள்ளுக்கை ஆரோட கதைச்சனீங்கள்?"

"ஒருத்தரோடயும் இல்லை" என்றேன். துசியந்தி உடனே றொமேஷுக்கு மெசேஜ் அனுப்பினாள்.

ஆகவே நான் தெளிவாகவே இருக்கிறேன் என்பதை இதன்மூலம் அறிந்து, அந்த முந்நூறு பேருக்கும் நீங்களே போன் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். இனி ஒருத்திக்காகவும் என் வாய் திறக்காது. கோயிலில் ஆமென்கூட மனதுக்குள்தான். உங்கள் அவருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். சீனியைக் குறைக்கச் சொல்லுங்கள், நாக்கை நீங்களும் குறையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணரின் மனைவி, முழுப் புத்தியுடன்,
றெஜினா யோகராஜா

பி.கு.: தபாலில் போட முன்னம் டொறீன் போன் எடுத்தாள். ஏப்ரலில் பெரிய மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டுவிழாவாம். பழைய ஒலிநாடா கூடாது, வாத்தியக்காரரோடு நேரடியாகத்தான் பாடவேண்டும் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். அழுதாள். கால் மணித்தியாலம் நன்றாகக் கிழித்தேன். பிறகு எந்தச் சுருதி என்று கேட்டேன். ஆகையால் மச்சாள், மேலே எழுதினதை நம்பாதேங்கோ, ஆரும் விசாரிச்சால் "ஓம், அவவுக்கு மறதி வியாதிதான், நல்லா முத்திப்போச்சு" எண்டு அடிச்சுச் சொல்லுங்கோ, உங்களுக்கு அது நல்லாய் வரும். திரைக்குப் பின்னாலை எனக்கு ஒரு கதிரை போடுவினமாம். வேண்டாம் எண்டிட்டன். நான் நிண்டுதான் பாடுறனான்.